பூவாடைப் புண்ணாக்கு

அந்தக் கார்த்திகை மாதம் தென்னேரிக்குப் போகிற பஸ்ஸில் நிற்கக்கூட இடம் கிடைக்கவில்லை. ஏரி நிரம்பிவிட்டது, பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஏரி மழை பெய்தால் நிரம்பும், அதில் என்ன அதிசயம்? அப்பாதுரை மண்டியில் புண்ணாக்கு பூத்திருந்தது. கூட்டம் அதைப் பார்க்கத்தான் போனது.

ஆமாம், மாட்டுக்கு வைக்கிற கடலைப் புண்ணாக்குதான். ஐப்பசி மழையில் மண்டியின் தகரக் கூரை ஒழுகி நானூறு மூட்டை நனைந்துபோனது. பத்தாம் நாள் பிரித்துப் பார்த்தால் உள்ளே பச்சைப்பசேல் என்று பூத்திருக்கிறது. வேறு ஊராக இருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு குழி தோண்டியிருப்பார்கள். இங்கே செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றார்கள்.

எல்லாம் பூவாடைச் சித்தரின் அருள்.

இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு ஒரு பூவாடைக்காரி உண்டு. பூவோடும் பொட்டோடும் செத்துப்போன வீட்டுப் பெண்ணைத் தெய்வமாக்கி, கல்யாணம் காட்சிக்கு முன்னால் அவளுக்குப் புதுச்சேலை வைத்துப் படைப்பார்கள். அவள் வந்து இறங்கினால் பூவின் வாடை வீசும் என்பது நம்பிக்கை. சித்தர் அந்த ஒரு சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"மூக்கைப் பொத்தாதீங்கப்பா! இது நாத்தம் இல்ல, பூவாடை! மேல பச்சையா பூத்துக்கினு கீதே, அது பூசணம் இல்லம்மா, உங்க வீட்டுப் பூவாடைக்காரி கட்டிக்கினு வந்த பட்டு! மாட்டுக்கு வைங்க. அவளே வயித்துல புகுந்து பாலா சுரப்பா!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பூசணம் பூத்தது என்று காலம்காலமாகச் சொல்லி வந்தவர்கள்தான். பூத்தது என்றால் பூ, பூ என்றால் பூவாடை, பூவாடை என்றால் ஆத்தா. கணக்கு எவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது பாருங்கள்!

சித்தருக்குப் பூர்வாசிரமத்தில் சிட்டிபாபு என்று பெயர். இரண்டு வருசம் முன்பு வரை காஞ்சிபுரத்தில் வெளியூர் காரைக் கண்டால் கண்ணாடியைத் தட்டி, "நெசவாளர் ரேட்டுக்குப் பட்டு எடுத்துத் தரேன் சார்" என்று கூடவே ஓடிய தரகர். கோயிலுக்கு வந்தவர்களை அப்போது கடைக்குத் திருப்பிவிட்டார். இப்போது கடைக்கு வந்தவர்களைச் சாமிக்குத் திருப்பிவிடுகிறார். இதில் ரகசியம் ஒன்றும் கிடையாது, ஊருக்கே தெரியும். "அவரு அப்ப தரகருதான், இப்ப சாமி இறங்கி இருக்குது" என்று ஊரே பதிலும் சொல்லும். மண்டிக்காரர் அப்பாதுரை கட்டியிருப்பது சித்தரின் அக்காவை என்பது தற்செயல். நனைந்த மூட்டை நானூறும் அப்பாதுரையுடையது என்பதும் தற்செயல். பூத்த மூட்டைக்குக் காய்ந்த மூட்டையைப் போல இரண்டு பங்கு விலை என்பது மட்டும் தெய்வ சங்கல்பம்.

பழைய தொழில் கைகொடுத்தது. சித்தர் புண்ணாக்குக் கட்டி ஒன்றை எடுப்பார், வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்புவார், சேலைக்கடையில் முந்தானையைப் பிரிக்கிற அதே லாவகத்தோடு நிறம் சொல்வார். பச்சைப் பூசணம் என்றால் கிளிப்பச்சை. மஞ்சள் என்றால் மாம்பழக் கலர். கறுப்பாக இருந்தால், "இருட்டுல நிக்கறாம்மா, வீட்டுல விளக்கு ஏத்துங்க." வெள்ளையாக இருந்தால், "சேலை சலவைக்குப் போயிருக்குது, அடுத்த வெள்ளிக்கிழமை வாங்க."

வரிசையில் வேல்முருகனும் நின்றான். தென்னேரிக்காரன். வீட்டில் இரண்டு மாடு, வெளியே கட்சியில் கிளைத் துணைச் செயலாளர் பதவி. கூட்டம் நடந்தால் நாற்காலி எடுத்துப் போடுகிற பதவி என்பது அவனுக்கும் தெரியும், அவனுக்கு நாற்காலி கிடையாது என்பதும் தெரியும். நல்லவன். யார் எதைச் சொன்னாலும் நம்புகிற அளவுக்கு நல்லவன்.

"உங்க வீட்டுல பூவோட போனது யாருப்பா?"

"எங்கம்மா சாமி. செல்லியம்மாள். நாலு வருசம் ஆவுது."

சித்தர் கண்ணை மூடினார். கட்டியை முகர்ந்தார். சும்மா சொல்லக்கூடாது, அந்த நாற்றத்தை முகம் சுளிக்காமல் முகர்வதற்கே ஒரு தவம் வேண்டும். "வந்துட்டா! செல்லியம்மா வந்துட்டா! கிளிப்பச்சை உடம்பு, அரக்கு பார்டர், ரெண்டையும் தறியிலயே கோத்து நெய்த அசல் கோர்வை! புள்ள மாட்டைப் பாக்கணும்னு ஓடியாந்துட்டாப்பா!"

வேல்முருகன் அழுதுவிட்டான். மூன்று மூட்டை அம்மாவை வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தான்.

வீட்டில் துர்கா இருந்தாள். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் மகள். நூல் இழையில் ஒரு பிசிறு இருந்தால் விரல் நுனியில் கண்டுபிடிக்கிற வீட்டில் பிறந்தவளிடம் மூன்று மூட்டை ஆத்தாளைக் கொண்டுவந்து இறக்கினால் என்ன ஆகும்?

"இன்னாங்க இது, நாத்தம் குடலைப் புடுங்குது?"

"நாத்தம்னு சொல்லாத. அம்மா."

"யாரு?"

"எங்கம்மாடி. மூட்டையில வந்திருக்காங்க. கிளிப்பச்சை, அரக்கு பார்டர், கோர்வைப் பட்டு."

துர்கா மூட்டைக்குள் எட்டிப் பார்த்தாள். மாமியாரை அவளுக்கும் பிடிக்கும். அதனால்தான் கோபம் வந்தது.

"அத்தை போவறப்ப ஆஸ்பத்திரியில நீல நைட்டியில்ல போட்டுக்கினு இருந்தாங்க? நான்தானே மாத்திவிட்டேன். கோர்வைப் பட்டு ஏது?"

வேல்முருகன் யோசித்தான். "மேல போனப்புறம் குடுத்திருப்பாங்க."

அன்றைக்கே தொட்டியில் அம்மாவைக் கரைத்தான். செவலை பசியில் குடித்துவிட்டது. இன்னொரு மாட்டின் பெயர் பட்டு. எட்டு மாதச் சினை, தலைச்சன். அது தொட்டியில் மூக்கை வைத்தது, சீறியது, முகத்தைத் திருப்பிக்கொண்டது. அந்தக் கொட்டகையிலேயே முதன்முதலில் யோசித்த ஜீவன் அதுதான். வேல்முருகன் விடவில்லை. வெல்லத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, கழுத்தைத் தடவிக் கொடுத்து, "குடி தாயே, உங்க பாட்டிதான்" என்று கெஞ்சினான். இனிப்புக்கு ஆசைப்பட்டு அதுவும் இரண்டு வாய் குடித்தது. துர்கா பட்டுவின் வயிற்றைத் தடவிப் பார்த்தாள். அந்தக் கன்றுக்காக அவள் சித்திரையிலிருந்து காத்திருந்தாள்.

பத்து நாளில் செவலையின் பால் எட்டு லிட்டரிலிருந்து நாலுக்கு இறங்கியது. மாடு அசை போடாமல் தலையைத் தொங்கப்போட்டு நின்றது. துர்கா போன் போட்டு, கால்நடை டாக்டர் பிரவீனா வந்தார். ஊசி போட்டார், பிறகு மூட்டையைப் பார்த்தார். அதன் பிறகு வேல்முருகனைப் பார்த்த பார்வையில் ஊசியே தேவலை என்று இருந்தது.

"இதைப் போயி யாராவது மாட்டுக்கு வைப்பாங்களா? இந்தப் பூசணத்துல விஷம் ஊறும். அஃப்ளாடாக்ஸின்னு பேரு. மேல தட்டிட்டாலும் போவாது, கொதிக்க வெச்சாலும் போவாது. ஈரலைக் கெடுக்கும், பாலைக் குறைக்கும், சினையைக் கலைச்சிடும். கறக்கற பால்லயும் இறங்கி வரும், அதைத்தான் ஊரு புள்ளைங்க குடிக்குது. புரியுதா?"

வேல்முருகன் கை கட்டிக்கொண்டு பணிவாகச் சொன்னான்: "டாக்டரம்மா, எங்கம்மா அப்படிப்பட்டவங்க இல்லைங்க."

டாக்டர் துர்காவைப் பார்த்தார். துர்கா வானத்தைப் பார்த்தாள். அன்றிலிருந்து அவள் பட்டுவைக் கொட்டகையின் கடைசி மூலைக்கு மாற்றிக் கட்டி, பச்சைப்புல்லும் நல்ல தவிடும் தன் கையாலேயே வைத்தாள்.

அடுத்த வாரமே பக்கத்துத் தெரு துரைக்கண்ணுவின் மாடு ஏழாம் மாதத்தில் கருவைக் கலைத்துப் போட்டது. பூவாடைப் புண்ணாக்கை முதல் வெள்ளிக்கிழமையே வாங்கியவர் அவர். சித்தரிடம் ஓடினார். சித்தர் அசரவில்லை. "கன்னுக்குட்டி மேல ஆசைப்பட்டு ஆத்தா மடியில வெச்சுக்கினா. இன்னும் ரெண்டு மூட்டை வை, அடுத்ததைத் தருவா." துரைக்கண்ணு இன்னும் இரண்டு மூட்டை வாங்கிக்கொண்டு வந்தார். சிரிக்காதீர்கள். மாடு வளர்க்கிறவனுக்குக் கன்று போனால் பாதிப் புத்தி போய்விடும், மீதிப் புத்தியைச் சித்தர் எடுத்துக்கொண்டார்.

துரைக்கண்ணு வீட்டைப் பார்த்துவிட்டு வந்த அன்று துர்கா ஒரு காரியம் செய்தாள். நல்ல புண்ணாக்கு ஒரு கட்டி வாங்கி இரண்டாக உடைத்தாள். ஒன்றை மாடியில் காயப்போட்டாள், மழை விட்டு மூன்று நாள் நல்ல வெயில். இன்னொன்றில் தண்ணீர் தெளித்து பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினாள். அதோடு நின்றாளா? காஞ்சிபுரத்திலிருந்து தம்பி கொண்டுவந்த கோயில் இட்லியில் ஒரு துண்டு, கஞ்சி போட்ட புருசனின் கட்சித் துண்டு, அவனுடைய பழைய தோல் செருப்பில் ஒன்று. எல்லாவற்றையும் நனைத்துத் தனித்தனிப் பையில் கட்டி, நெல் குதிருக்குப் பின்னால் வைத்தாள்.

ஒரு வாரம் கழித்து வேல்முருகனை உட்காரவைத்துப் பைகளைப் பிரித்தாள்.

புண்ணாக்கில் பச்சை. இட்லியில் பச்சையும் கறுப்பும். கட்சித் துண்டில் புள்ளி புள்ளியாகக் கறுப்பு. செருப்பில் வெள்ளை வெளேர் என்று பஞ்சு போலப் பூத்திருந்தது.

"புண்ணாக்குல அத்தை. சரி. இட்லியில யாரு?"

வேல்முருகன் இட்லியைக் குனிந்து பார்த்தான். "பெரியம்மாவா இருக்கும். அவங்களுக்கு இட்லின்னா உசுரு."

"துண்டுல?"

"சித்தி. சித்தியும் நம்ம கட்சிதான்."

"செருப்புல?"

வேல்முருகன் செருப்பைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எந்த உறவைச் செருப்பில் கொண்டுபோய் உட்காரவைப்பது? துர்கா மாடியில் காய்ந்த கட்டியை எடுத்து முன்னால் வைத்தாள். சுத்தமாக இருந்தது.

"ரெண்டும் ஒரே கட்டி. வெயில்ல காய்ஞ்சதுல அத்தை ஏன் வரல?"

"அவங்களுக்கு வெயில் ஒத்துக்காதுடி."

துர்கா தலையில் அடித்துக்கொண்டாள். "எங்கப்பா வீட்டுல தறியில ஏத்தறதுக்குக் கஞ்சி போட்ட பாவு நூலு மழைக்காலத்துல இப்படித்தான் பூத்துடும். நாங்க விழுந்து கும்பிட்டுக்கினா இருந்தோம்? வெயில் வந்ததும் தெருவுல இழுத்துக் கட்டிக் காயவெப்போம். நிஜக் கோர்வை நெய்ய மூணு நாடா வேணும், தறியில ரெண்டு ஆளு வேணும். இந்தக் கோர்வைக்கு ஒரு சொம்புத் தண்ணி போதுங்க!"

வேல்முருகன் செருப்பைக் கீழே வைத்தான். "சித்தரையே கேட்டுடலாம்" என்றான். அவனைப் பொறுத்தவரை அது பெரிய புரட்சி.

வெள்ளிக்கிழமை மண்டிக்குப் பக்கத்துக் கொட்டகையில் கால் வைக்க இடமில்லை. மூன்று கூம்பு ஒலிபெருக்கி, மேடையில் சித்தர், அவருடைய காவிச் சட்டையில் சின்ன மைக், மேடைக்குக் கீழே மாலை போட்ட தெய்வப்பசு. பக்தர்கள் அதன் வாலைத் தொட்டுக் கும்பிட்டு செல்பி எடுத்துக்கொண்டார்கள். கொழுகொழுவென்று, உடம்பு பளபளத்துக்கொண்டு நின்றது. கூட வந்த வேல்முருகன் பழக்கத்தில் வரிசையில் நின்றான். துர்கா வாலைத் தொடவில்லை, பசுவின் பின்னால் போய்ப் பார்த்தாள். அங்கே அதன் தீவன மூட்டைகள் இருந்தன. தரையில் படாமல் பலகை மேல் அடுக்கி, சுவரில் ஒட்டாமல் ஒரு முழம் தள்ளி, மேலே ஒழுகாமல் தார்ப்பாய் போட்டிருந்தது. பிரித்திருந்த மூட்டையில் கையை விட்டாள். மொறுமொறுவென்று காய்ந்த புதுப் புண்ணாக்கு, ஒரு பொட்டுப் பூசணம் கிடையாது. டாக்டர் பிரவீனா வந்து பார்த்திருந்தால் பாராட்டுப் பத்திரமே கொடுத்திருப்பார்.

துர்கா முன்னால் வந்தாள். கையில் ஒரு சட்டி, அதில் வீட்டிலிருந்து கொண்டுவந்த கிளிப்பச்சைக் கட்டி.

"சாமி, ஒரு வேண்டுதல். எங்க அத்தையைத் தெய்வப்பசு ஒரு வாய் சாப்பிட்டா போதும். எங்க வம்சம் வெளங்கும்."

சித்தரின் சிரிப்பு கொஞ்சம் கோணியது. "பசு விரதம்மா."

"எப்பலேருந்துங்க?"

"பௌர்ணமியிலேருந்து பச்சத்தண்ணி பல்லுல படல."

"வாய் அசைஞ்சுக்கினே இருக்குதே?"

"மனசுக்குள்ள மந்திரம் சொல்லுதும்மா."

கூட்டம் 'ஆத்தா!' என்று சிலிர்த்தது. அந்த நேரம் பார்த்துப் பசு பொத்தென்று ஒரு கூடை சாணி போட்டது. பௌர்ணமி முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. இரண்டு மூன்று பேர் அந்தச் சாணியைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

துர்கா சட்டியைப் பசுவின் முகத்துக்கு நேராக நீட்டினாள். பசு முகர்ந்தது, உஸ் என்று மூச்சை விட்டது, தலையைத் திருப்பிக்கொண்டது. "ஆத்தாளையே வேணாங்குதே?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. துர்கா மடியிலிருந்த வெல்லத்தைப் பொடித்து, புருசன் செய்தது போலவே தண்ணீர் ஊற்றிக் கலக்கினாள். சட்டியின் விளிம்பை மட்டும் கையிலிருந்து விடவில்லை, வாயில்லா ஜீவன் மேல் அவளுக்கு என்ன பகை? வெல்ல வாசத்துக்குப் பசு நாக்கை நீட்டியது.

அவ்வளவுதான். சித்தர் மேடையிலிருந்து குதித்தார். ருத்திராட்சம் ஒரு பக்கம், துண்டு ஒரு பக்கம்.

"ஏய், எடு எடு! இன்னா பண்றே நீ! அப்பாதுரை மாமா, ஓடியா! மாடு சினையா கீதுபா! அந்தப் பூசணத்தைத் தின்னா கன்னு காலியாயிடும்பா!"

சட்டையில் மைக் இருந்ததை அவர் மறந்துவிட்டார். ஒலிபெருக்கி மறக்கவில்லை. 'கன்னு காலியாயிடும்பா' என்பது மூன்று கூம்பு வழியாகவும் கிளம்பி, ஏரிக்கரை வரை போய்த் திரும்பி வந்தது. அதுவரை சித்தர் சொன்னதிலேயே அது ஒன்றுதான் அருள்வாக்கு. அட்சரம் பிசகாமல் உண்மை.

துர்கா சட்டியை இழுத்து அணைத்துக்கொண்டாள். "உன் மாடுன்னா பூசணம். எங்க மாடுன்னா ஆத்தாளாய்யா?"

துரைக்கண்ணு கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். அவர் கத்தவில்லை. "சாமி, என் கன்னு யாரு மடியில கீது? நீயே சொல்லு சாமி."

சித்தர் கண்ணால் அப்பாதுரையைத் தேடினார். அவர் ஏற்கெனவே பின்பக்கத்துத் தகரத்தை நெம்பி வெளியே நழுவிவிட்டிருந்தார். மச்சானும் பின்னாலேயே கிளம்பப் பார்த்தார், துரைக்கண்ணு அவர் காவிச் சட்டையைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் பிரவீனாவுக்குப் போன் போனது, அதிகாரிகள் வந்தார்கள், மண்டிக்குப் பூட்டு விழுந்தது, சிட்டிபாபு போலீஸ் ஜீப்பில் ஏறினார். அந்தக் களேபரத்திலும் ஒரு பெரியவர் ஜீப்புக்குள் தலையை விட்டு, "சாமி, என்னுது வெள்ளையா பூத்துதே, அது மட்டுமாவது நல்லதா?" என்று கேட்டார். என்னத்தைச் சொல்ல!

அன்று சாயங்காலம் வேல்முருகன் கொல்லையில் குழி வெட்டினான். மூட்டைகளைக் கொட்டிச் சுண்ணாம்பைத் தூவினான். மண்ணைத் தள்ளப் போனவன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டான்.

"துர்கா. இது அம்மா இல்லதானே?"

துர்காவுக்கு அவன் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. கிட்டே வந்து அவன் தோளில் கை வைத்தாள்.

"கத்திரிக்காயில ஒரு சொத்தை இருந்தா, அதைக் கடைக்காரன் மூஞ்சியில வீசிட்டு வர்றவங்க எங்க அத்தை. அவங்க இருந்திருந்தா, இந்த மூணு மூட்டையும் உங்க தலையிலதான் கொட்டியிருப்பாங்க."

வேல்முருகன் சிரித்தான். கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தான். தன் அம்மாவை நன்றாகத் தெரிந்தும் ஒரு தரகனின் பேச்சைக் கேட்டு அவளை மூட்டையில் தேடினோமே என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது. மண்ணைத் தள்ளி மூடினான்.

தை பிறந்து ஐந்தாம் நாள் பட்டு கன்று போட்டது. கிடேரி, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. வேல்முருகன் இப்போது புண்ணாக்கை வெயிலில் காட்டி, பலகை போட்டு, சுவரை விட்டுத் தள்ளி அடுக்குகிறான். பூத்த மூட்டையை எந்தக் கடைக்காரன் கொடுத்தாலும் அவன் மூஞ்சியிலேயே வீசிவிட்டு வருகிறான். செல்லியம்மாள் அவன் மேல் இறங்கியிருக்கிறாள் என்று துர்கா சொல்லிச் சிரிக்கிறாள்.

அந்த வெள்ளிக்கிழமை கொட்டகையில் முந்நூறு பேர் இருந்தார்கள், ஒரு மாடு இருந்தது. மாடு முகர்ந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்றது. அதற்கு ஐந்தறிவுதான் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஐயா, அம்மா, நீங்கள் எதை வேண்டுமானாலும் கும்பிடுங்கள். கும்பிடக் கையைத் தூக்குவதற்கு முன்னால் ஒரு தடவை மோந்து பாருங்கள். அந்த அளவுக்காவது மாட்டைப் பார்த்துக் கற்றுக்கொள்ளக்கூடாதா?